இடது காலில் வலு இல்லை, வலது காலில் சூடு தெரியவில்லை: தண்டுவடத்தில் அடி எந்தப் பக்கம்?

கேள்வி இது. பேராவூரணி பக்கம் ஒரு தோப்பில் தேங்காய் பறிக்க ஏறிய 48 வயது சித்தப்பா மரத்திலிருந்து விழுந்து ஐந்து வாரம் ஆகிறது. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ‘டி6 முள்ளெலும்பு முறிவு, தண்டுவடத்தின் இடது பக்கம் நசுங்கல்’ என்று இருக்கிறது. இடது காலைத் தூக்க முடியவில்லை, ஆனால் அதில் சூடும் குத்தலும் தெரிகிறது. வலது காலை நன்றாகத் தூக்குகிறார், ஆனால் வெந்நீர் பட்டாலும் தெரியவில்லை. அந்த உணர்வின்மை தொப்புள் மட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. எலும்பு உடைந்ததோ தோள்பட்டைகளுக்கு நடுவில். இரண்டு இடத்தில் அடியா, ஸ்கேன் தப்பா, மூளையிலும் ஏதாவது இருக்குமா?

அடி ஒன்றுதான். ஸ்கேன் காட்டும் இடமும் சரிதான். மூளையின் ஒரு பக்கம் அடிபட்டிருந்தால் வலுவும் உணர்வும் ஒரே காலில் போயிருக்கும். காலுக்குப் போகும் நரம்பு அறுந்திருந்தாலும் அப்படித்தான். ஒரு காலில் வலுவையும் மறு காலில் சூட்டு உணர்வையும் எடுத்துவிடக்கூடிய இடம் தண்டுவடம். அதிலும் ஒரு பாதி மட்டும் அடிபட்டால்தான் இப்படி ஆகும். மொரீஷியஸில் பிறந்த பிரௌன்-சேக்கார் என்ற மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதை விளக்கினார். இன்றும் டிஸ்சார்ஜ் சம்மரியில் அவர் பெயரில்தான் எழுதுவார்கள். ஏன் இப்படி ஆகிறது என்பது தண்டுவடத்தின் கட்டுமானத்தைப் பார்த்தால் விளங்கிவிடும்.

முதலில் எலும்பையும் தண்டுவடத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். ‘முதுகுத்தண்டு உடைஞ்சுபோச்சு’ என்று ஊரில் சொல்வது எலும்பை. எலும்பு உடைந்தும் தண்டுவடம் தப்பலாம். எலும்பு உடையாமலே தண்டுவடம் நசுங்கவும் செய்யலாம். கழுத்து எலும்பு தேய்ந்த பெரியவர் வரப்பில் தடுக்கிக் குப்புற விழுந்து தாடை மோதினால் கழுத்து பின்னால் மடங்கி, தண்டுவடத்தின் நடுப்பகுதி நசுங்கும். அவருக்குக் கால்களைவிடக் கைகள் அதிகம் வலுவிழக்கும். எக்ஸ்ரேயில் முறிவே இருக்காது. ‘எலும்புக்கு ஒண்ணும் ஆகலை’ என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிற கேஸ்கள் பெரும்பாலும் இவைதான்.

தண்டுவடம் ஆண்களுக்குச் சுமார் 45 செ.மீ. நீளம், பெண்களுக்கு இரண்டு மூன்று செ.மீ. குறைவு. எடை 35 கிராம் அளவுதான். மார்புப் பகுதியில் குறுக்களவு ஏறக்குறைய ஒரு செ.மீ.; கைகளுக்கும் கால்களுக்கும் நரம்பு கிளம்புகிற இரண்டு இடங்களில் சற்றுப் பருத்திருக்கும். மண்டையோட்டின் அடித்துளையில், மூளையின் அடிப்பகுதியான முகுளத்தின் தொடர்ச்சியாகத் தொடங்கி, முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் கூம்பாக முடிந்துவிடும். அதற்குக் கீழே எலும்புக் குழாய்க்குள் இருப்பது நரம்பு வேர்கள் மட்டுமே. அந்தக் கற்றைக்குக் குதிரைவால் என்று பெயர். சுற்றிலும் மூன்று உறைகள்: வெளியே தடித்த டியூரா, நடுவில் அரக்னாய்டு, தண்டுவடத்தோடு ஒட்டியபடி பயா. உள்ளே இருக்கும் இரண்டு உறைகளுக்கும் நடுவில் மூளைத் தண்டுவடத் திரவம். மூளையையும் சேர்த்து மொத்தமே 150 மி.லி. அளவுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடலாம். ‘சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டார்கள், அதிலிருந்து தண்டுவடம் கெட்டு முதுகுவலி’ என்று வீட்டுக்கு வீடு ஒருவர் சொல்வார். அந்த ஊசி பொதுவாக மூன்றாவது, நான்காவது இடுப்பு எலும்புகளுக்கு நடுவே போகிறது. இரண்டு பக்க இடுப்பெலும்பின் உச்சியையும் ஒரு கோட்டால் இணைத்தால் நான்காவது எலும்பின் மட்டம் வரும். அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிட்டது. உறையில் விழுந்த துளை வழியாகத் திரவம் கசிந்தால் சில நாள் தலைவலி வரலாம், உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். வருடக்கணக்கான முதுகுவலிக்குக் காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

இனி எலும்புக் கணக்கு. தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே திரிக எலும்புப் பகுதியில் 5, வால் எலும்புக்கு 1. நம்மூர் ரிப்போர்ட்டுகளில் மார்புப் பகுதியை டி என்றும் இடுப்புப் பகுதியை எல் என்றும் எழுத்தால் குறிப்பார்கள். கருவில் மூன்றாம் மாதம் வரை தண்டுவடமும் எலும்புக் குழாயும் ஒரே நீளம். அதன்பின் எலும்பு வேகமாக வளர்கிறது, தண்டுவடம் பின்தங்குகிறது. அதனால் எலும்பின் எண்ணும், அந்த எலும்புக்கு நேர் உள்ளே இருக்கிற தண்டுவட மட்டத்தின் எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை. கழுத்தின் கீழ்ப்பகுதியில் எலும்பு எண்ணோடு 1 கூட்ட வேண்டும், மார்பின் மேல்பாதியில் 2, டி7 முதல் டி9 வரை 3. டி10 எலும்புக்குள் இருப்பது இடுப்பு நரம்புகளின் முதல் இரண்டு மட்டங்கள். டி12, எல்1 எலும்புகளுக்குள் கால்பாதம், மூத்திரப்பை, மலவாய் ஆகியவற்றுக்கான கடைசி மட்டங்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. உயரத்திலிருந்து விழுபவர்களுக்கு அதிகம் உடைவது டி11 முதல் எல்2 வரையிலான இந்தப் பகுதிதான்.

உங்கள் சித்தப்பாவுக்கு உடைந்தது டி6 எலும்பு. இரண்டைக் கூட்டினால் தண்டுவட மட்டம் டி8. அப்படியென்றால் உணர்வின்மை விலா விளிம்பை ஒட்டித் தொடங்க வேண்டாமா, தொப்புளுக்கு ஏன் இறங்கியது? தொப்புள் டி10 நரம்பின் எல்லை. இந்த இரண்டு படி இறக்கத்துக்கான விடை, வலி உணர்வு தண்டுவடத்துக்குள் நுழைகிற விதத்தில் இருக்கிறது.

தோலிலிருந்து வரும் உணர்வு நரம்பிழையின் தாய் அணு தண்டுவடத்துக்குள் இல்லை. வெளியே, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள துளையில், பின்வேரின் மேலிருக்கும் சின்ன முடிச்சில் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் இழை இரண்டாகப் பிரிந்து ஒன்று தோலுக்கும் மற்றது தண்டுவடத்துக்கும் போகிறது. உணர்வு பின்வேர் வழியாக உள்ளே வரும், தசைக்கான கட்டளை முன்வேர் வழியாக வெளியே போகும். 1822-இல் பாரிஸில் மஜாந்தி வேர்களைத் தனித்தனியே வெட்டிப் பார்த்து இதைக் காட்டினார்.

அக்கி என்று நாம் சொல்லும் வியாதி குடியிருப்பது இந்த முடிச்சில்தான். சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ் அங்கே ஒளிந்திருந்து, வயதானபின் அல்லது உடம்பு தளர்ந்தபோது ஒரே ஒரு நரம்பின் வழியே தோலுக்கு இறங்குகிறது. அதனால்தான் கொப்புளங்கள் ஒரு பக்கம் மட்டும், ஒரு பட்டையாக வந்து, நடுக்கோட்டில் நின்றுவிடுகின்றன. குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வதில் எனக்குச் சண்டை இல்லை, தானாகவே இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறுகிற வியாதி அது. ஆனால் எழுதிக்கொண்டு காத்திருப்பதில் முதல் 72 மணி நேரம் போய்விடுகிறது. அசைக்ளோவிர் போன்ற மாத்திரை நன்றாக வேலை செய்வது அந்த நேரத்துக்குள் தொடங்கினால்தான். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறப் பகுதி, ஆங்கில எச் எழுத்தின் வடிவத்தில் இருக்கும். அது நரம்பணுக்கள் இருக்கும் இடம். சுற்றிலும் வெண்மைப் பகுதி, மேலும் கீழும் ஓடுகிற இழைகள். சாம்பல் பகுதியின் பின்கொம்பில் உணர்வு வந்து சேர்கிறது, முன்கொம்பிலிருந்து தசைகளுக்குக் கட்டளை கிளம்புகிறது. உள்ளே வந்த உணர்வுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மேலே போவதில்லை. நுழைந்த இடத்திலேயே இரண்டாகப் பிரிகின்றன.

முதல் வழி துல்லியமான தொடுகை, அதிர்வு, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு ஆகியவற்றுக்கானது. தடித்த, மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய இழைகள். வேகம் நொடிக்கு 35 முதல் 75 மீட்டர். இவை பின்கொம்பில் நிற்காமல் தண்டுவடத்தின் முதுகுப்புறத் தூணில் ஏறி, வந்த பக்கத்திலேயே முகுளம் வரை போகின்றன. கால் கட்டைவிரலில் தொடங்கிய இழை நடுவில் எங்கும் மாறாமல் ஒரே இழையாகக் கழுத்துக்கு மேல் போய்ச் சேர்கிறது. உடம்பிலேயே நீளமான அணு அதுதான். காலிலிருந்து வரும் இழைகள் தூணின் உட்புறம், டி6-க்கு மேலிருந்தும் கையிலிருந்தும் வருபவை வெளிப்புறம். முகுளத்தில்தான் முதல் முறையாக வேறொரு அணுவுக்குக் கைமாறி, எதிர்ப்பக்கம் தாண்டி, மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் வழியாகப் பெருமூளைக்குப் போகிறது.

இரண்டாவது வழி வலிக்கும் சூடு குளிருக்கும். இழைகள் மெல்லியவை. கொஞ்சம் உறை உள்ளவை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் போகும், உறையே இல்லாதவை 2 மீட்டரைத் தாண்டாது. வரப்புக் கல்லில் கால்விரல் மோதினால் முதலில் சுரீரென்று ஒரு குத்தல், ஒரு நொடி கழித்து எரிச்சலோடு இன்னொரு வலி என்று இரண்டாக வருவது இதனால்தான்: காலிலிருந்து தண்டுவடம் வரை ஏறத்தாழ ஒரு மீட்டரை உறையில்லாத இழை நடந்து கடக்க அவ்வளவு நேரம் ஆகிறது. இந்த மெல்லிய இழைகள் உள்ளே நுழைந்ததும் ஒன்றிரண்டு மட்டம் மேலே ஏறி, பின்கொம்பில் இரண்டாவது அணுவிடம் சேதியை ஒப்படைக்கின்றன. அந்த இரண்டாவது அணுவின் இழை நடுத்துளையின் முன்புறமாக அப்போதே எதிர்ப்பக்கம் தாண்டிவிடும். பிறகு எதிர்ப்பக்கத்தின் முன்-வெளி மூலையில் ஏறி நேராகத் தலாமஸ்.

மூளையிலிருந்து தசைக்கு இறங்கும் கட்டளை வழி முகுளத்திலேயே பெரும்பாலும் பக்கம் மாறிவிடுகிறது. அதனால் தண்டுவடத்தின் இடது பாதியில் இறங்குவது இடது காலுக்கான கட்டளை.

இப்போது டி8 மட்டத்தில் இடது பாதியை நசுக்குங்கள். இடது காலுக்கு இறங்கும் கட்டளை அறுபட்டது, வலு போயிற்று. இடது காலிலிருந்து முதுகுப்புறத் தூணில் ஏறும் நிலை உணர்வும் அதிர்வும் போயிற்று. இடது காலின் வலியும் சூடும் வெகு கீழேயே வலப்பக்கம் தாண்டிவிட்டதால் தப்பித்தன. வலது காலின் வலியும் சூடும் அதே போல் கீழேயே இடப்பக்கம் வந்து ஏறிக்கொண்டிருந்தவை, அவை மாட்டிக்கொண்டன. வலது பக்க டி8, டி9 நரம்புகளிலிருந்து வந்தவையோ ஒன்றிரண்டு மட்டம் ஏறிய பின்தான் இடப்பக்கம் தாண்டுகின்றன, அதாவது அடிபட்ட இடத்துக்கு மேலே. அவையும் தப்பின. ஆகவே உணர்வின்மை டி10-இல், தொப்புளில் தொடங்குகிறது. பஞ்சால் தொட்டால் இரண்டு காலிலும் ஓரளவு தெரியும், ஏனென்றால் லேசான தொடுகை இரண்டு வழியிலும் போகிறது. விலாவின் கீழ் விளிம்பை ஒட்டி இடப்பக்கம் மட்டும் ஒரு சிறு பட்டையில் எதுவும் தெரியாமல் இருக்கும். அந்த மட்டத்தின் பின்கொம்பே நசுங்கியதால் வருவது அது. தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

வீட்டில் சோதிக்கும்போது நான்கு பொருள் போதும்: பஞ்சு, பல்குத்தும் குச்சி, இரண்டு எவர்சில்வர் டம்ளர். கண்ணை மூடச் சொல்லுங்கள். ‘தெரியுதா, தெரியுதா’ என்று கேட்டுக்கொண்டே தொடாதீர்கள். கேட்டாலே ஆமாம் என்று பழகிவிடும். தொட்டால் அவராகச் சொல்ல வேண்டும், நடுவில் தொடாமலும் இருந்து பாருங்கள். குச்சியின் கூர் முனையையும் மழுங்கிய பக்கத்தையும் மாற்றி மாற்றி வைத்து ‘கூரா, மொட்டையா’ என்று கேட்க வேண்டும். தொடுவது தெரிந்து கூர் தெரியாமல் போவதுதான் அவருடைய வலது காலின் நிலை. முகத்தில் ஒரு முறை குத்திக் காட்டி, அதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். உணர்வில்லாத இடத்திலிருந்து உணர்வுள்ள பக்கமாகப் போய், மாறும் இடத்தில் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதி போட்டோ எடுத்து வையுங்கள். டம்ளரில் ஒன்று பானைத் தண்ணீர், மற்றது 40 டிகிரி செல்சியஸ் அளவு, அதாவது உங்கள் கையில் இதமான சூடு. 45-ஐத் தாண்டினால் அந்தத் தோல் வெந்துவிடும், அவருக்குத் தெரியாது.

நிலை உணர்வுக்குக் கால் கட்டைவிரலை இரண்டு பக்கவாட்டிலும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே அசையுங்கள். மேலும் கீழுமாகப் பிடித்தால் உங்கள் விரலின் அழுத்தமே திசையைக் காட்டிக்கொடுத்துவிடும். பழகாதவர்கள் செய்கிற தவறு இது. பக்கத்து விரலிலும் உரசக் கூடாது. அதிர்வுக்கு 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை வேண்டும், அதை டாக்டர் கணுக்கால் எலும்பில் வைத்துப் பார்ப்பார்.

ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்கு உலகம் முழுவதும் ஒரே அட்டவணை: ஒரு பக்கத்துக்கு 28 இடங்கள், ஒவ்வொன்றிலும் பஞ்சுக்கும் குத்தலுக்கும் 0, 1, 2 என்று மார்க். இரண்டு பக்கமும் சேர்த்துத் தொடுகைக்கு 112, குத்தலுக்கு 112. அதில் கடைசி இடம் மலவாயைச் சுற்றியுள்ள தோல். அங்கே பரிசோதிப்பதைப் பார்த்து வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் தண்டுவடம் முழுதாக அறுபட்டதா, கொஞ்சம் மிஞ்சியதா என்பதைத் தீர்மானிப்பதே அந்த இடம்தான். வலி வழியில் திரிகப் பகுதியின் இழைகள் வெளி ஓரத்தில் ஓடுவதால், நடுவிலிருந்து பரவும் சேதத்தில் அவை கடைசி வரை தப்பும். அங்கே ஊசிக்குத்தல் தெரிந்தால் நம்பிக்கைக்கு இடம் உண்டு. சித்தப்பாவின் வகையைப் பொறுத்தவரை, முழுதாக அறுபடாத தண்டுவடக் காயங்களில் நன்றாகத் தேறுவது இதுதான். பெரும்பாலோர் மறுபடி நடக்கிறார்கள். முதல் சில வாரம் துவண்டு கிடந்த இடது கால் இனி விறைக்கத் தொடங்கலாம், தானாக உதறலாம். அடிக்குக் கீழேயுள்ள அனிச்சைச் சுற்று விழித்துக்கொள்வதால் வருவது அது. விறைப்பை மட்டும் வைத்துத் தேறிவிட்டது என்றும் முடிவு கட்டாதீர்கள், கெட்டுவிட்டது என்றும் பயப்படாதீர்கள். விறைப்பு மூட்டை மடக்கிப் பிடித்துவிடாமல் இருக்கத் தினமும் நீட்டிவிடும் பயிற்சி வேண்டும்.

இரண்டு கால்களுக்கும் ஆபத்து வேறு வேறு என்பதை வீட்டில் எல்லாரும் புரிந்துகொள்ள வேண்டும். வலது கால் நடக்கும், காயப்பட்டால் சொல்லாது. நம்மூர் மோட்டார் சைக்கிள்களில் சைலன்சர் வலப்பக்கம்தான். பின்னால் உட்கார்ந்து போகும்போது வலது கெண்டைக்கால் அதில் ஒட்டிக்கொண்டு வெந்தாலும் இறங்கும்வரை தெரியாது. பேன்ட் போட்டு, காலைத் தள்ளி வைக்கப் பழக்குங்கள். சித்திரை வெயிலில் சிமென்ட் களத்தில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. அறுத்த வயலில் நெல் தாள் குத்தினாலும், வாய்க்காலில் நத்தை ஓடு கிழித்தாலும் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். வலிக்கு ஒத்தடம் என்று வெந்நீர்ப் பையைத் தொப்புளுக்குக் கீழே வலப்பக்கம் எங்கும் வைக்காதீர்கள். குளிக்கிற தண்ணீரைக் கையால் பார்த்துவிட்டு ஊற்ற வேண்டும். காலையும் இரவும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

இடது கால் வலிக்கும், சூடு சொல்லும். ஆனால் தான் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. வலு திரும்பி நடக்கத் தொடங்கிய பிறகும் அந்தக் காலைக் கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டியிருக்கும். அந்தி மயங்கியபின் டார்ச் இல்லாமல் வரப்பில் விடாதீர்கள். முகம் கழுவக் கண்ணை மூடும்போதும், ஆற்றில் முங்கும்போதும் தள்ளாடும். வாஷ்பேசின் பக்கத்தில் கைப்பிடி வையுங்கள், ஆற்றுக் குளியல் இப்போதைக்கு வேண்டாம்.

விபத்தே இல்லாமல் இதே தள்ளாட்டம் வந்தால் வைட்டமின் பி12 குறைவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பால்கூட அதிகம் சேர்க்காத சைவர்கள், இரைப்பையில் ஆபரேஷன் ஆனவர்கள், சர்க்கரைக்காகப் பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் ஆகியோரிடம் இது வரும். முதுகுப்புறத் தூண்களும் கட்டளை வழியும் இரண்டு பக்கமும் கெடுகின்றன. பாதம் மதமதப்பு, பஞ்சு மேல் நடப்பது போலிருக்கும், இருட்டில் விழுவார்கள், சூடும் குத்தலும் ஓரளவு நன்றாகவே தெரியும். ‘சுகர் நரம்பு’ என்று தள்ளிவிட்டு மாதங்களைக் கடத்தினால் திரும்பாத சேதமாகிவிடும். பி12 பார்க்காமல் ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிட்டதாகக் காட்டும், தண்டுவடம் கெட்டுக்கொண்டே போகும்.

நேர் எதிரான படம் ஒன்று: தண்டுவடத்தின் நடுவில் நீர்க்குழி உருவாகி, எதிர்ப்பக்கம் தாண்டுகிற இழைகளை மட்டும் அறுத்துவிடும். இரண்டு கைகளிலும் தோளிலும் சூடும் வலியும் போய், தொடுகை மட்டும் நிற்கும். அடுப்புப் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவார்கள், கையில் காரணம் தெரியாத தழும்புகள் இருக்கும். தொழுநோய் என்று தவறாக நினைப்பது உண்டு. தொழுநோயில் தேமலுக்குள் தொடுகையும் சேர்ந்து போகும், முழங்கையில் நரம்பு தடித்துத் தட்டுப்படும்.

வலியின் கதை பின்கொம்போடு முடியவில்லை. அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைவது வெறும் ஆறுதலால் அல்ல. தேய்ப்பதால் கிளம்பும் தடித்த இழைகளின் சேதி, பின்கொம்பில் வலிச் சேதியை மேலே அனுப்பும் அணுவைத் தடுக்கிறது. 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன கோட்பாடு இது; வாய்க்கால் தலைப்பில் மதகைப் பாதி இறக்குவது போல. மூளையிலிருந்தும் அந்த மதகை இறக்க ஆள் வருகிறது, செரடோனின், நார்அட்ரினலின் வழியாக. அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெட்டின் போன்ற மாத்திரைகளை நரம்பு வலிக்குக் கொடுப்பது அதனால்தான். ‘மனநோய் மாத்திரை கொடுத்துட்டாங்க’ என்று நிறுத்திவிடாதீர்கள். உணர்வில்லாத காலிலேயே எரிச்சல் வருவதும் உண்மையான வலிதான், நடிப்பு அல்ல.

பின்கொம்பு ஏமாறுகிற இடமும் உண்டு. இதயத்தின் வலி இழைகளும் இடது மார்பு, கையின் உட்புறத் தோல் இழைகளும் ஒரே மட்டங்களில் வந்து சேர்வதால், மாரடைப்பைக் கைவலியாக மூளை படிக்கிறது. குடல்வால் வீக்கம் முதலில் தொப்புளைச் சுற்றி வலிப்பதும் இதே கணக்கு, டி10. நெஞ்சு அடைப்போடு இடது கை கடுக்கிறது என்றால் வாயு என்று ஓமத்திரவமும் சோடாவும் குடித்துப் பார்க்கிற நேரம் இல்லை அது.

அடுத்த முறை தோப்பில் யாராவது விழுந்தால் சேதத்தைக் கூட்டாமல் இருப்பது சுற்றி நிற்பவர்கள் கையில் இருக்கிறது. கை இரண்டு பேர், கால் இரண்டு பேர் பிடித்துத் தூக்குவது, பைக்கில் இருவருக்கு நடுவில் உட்கார வைப்பது, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது, எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது ஆகிய நான்கும் கூடாது. 108-ஐக் கூப்பிட்டுவிட்டுத் தலையை ஒருவர் இரு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் தலைக்கு ஒருவர், உடம்புக்கு மூன்று பேர். தலைப்பக்கம் இருப்பவர் சொல்லும் நேரத்தில் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் ஒன்றாகப் புரள வேண்டும். பின்னால் கதவுப் பலகையையோ பெஞ்சையோ செருகி, மறுபடி ஒன்றாக மல்லாத்துங்கள். கழுத்தின் இரு பக்கமும் துண்டைச் சுருட்டி வையுங்கள். தொங்குகிற கயிற்றுக் கட்டில் வேண்டாம், நடுவில் முதுகு மடங்கும். ஆஸ்பத்திரி சேர்ந்ததும் அந்தப் பலகையிலிருந்து சீக்கிரம் இறக்கச் சொல்லுங்கள். உணர்வில்லாத முதுகில் இரண்டு மணி நேரத்திலேயே படுக்கைப் புண்ணுக்கு வித்து விழும். நின்றபடி விழுந்து குதிகால் எலும்பு உடைந்தவருக்கு, முதுகு வலிக்கவில்லை என்றாலும், முதுகெலும்பையும் படம் எடுக்கச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா படுத்திருக்கும் வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பதும், நாற்காலியில் உட்கார்ந்தால் கால்மணி, அரைமணிக்கு ஒரு முறை கையை ஊன்றி இடுப்பைத் தூக்குவதும் நிற்கக் கூடாது. வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் மூன்றிலும் தோல் சிவந்து, சிவப்பு அரைமணியில் போகவில்லை என்றால் அந்த இடத்தில் எடை விழவே கூடாது. மூத்திரப்பை நிறைந்தது தெரிகிறதா என்று தனியாகக் கேளுங்கள். நடக்க ஆரம்பித்தவர்களும் வெட்கப்பட்டு இதைச் சொல்வதில்லை. மூத்திரம் தேங்கினால் கிட்னிக்கு ஆபத்து. தண்டுவட மட்டம் டி6 அல்லது அதற்கு மேல் அடிபட்டவர்களுக்கு அடைத்த மூத்திர டியூப் ஒன்றே ரத்த அழுத்தத்தை உச்சிக்கு ஏற்றிவிடும்: தலை வெடிப்பது போல வலி, முகத்தில் வியர்வை. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சித்தப்பாவுக்கு எலும்பு டி6 என்றாலும் தண்டுவட மட்டம் டி8 என்பதால் அந்த பயம் குறைவு.

பயிற்சிக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் தொடங்கலாம். தங்கிப் பயில வேண்டும் என்றால் வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு மையம் இருக்கிறது. 1966-இல் அது உருவாகக் காரணமாக இருந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, அதன்பின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர்.

அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது பேனாக் கோடு போட்ட போட்டோக்களைத் தேதிவாரியாகக் காட்டுங்கள். கோடு தொப்புளிலிருந்து கீழே இறங்கியிருந்தால் தேறுகிறது. மேலே ஏறியிருந்தாலோ, இடது காலிலும் சூடு மங்கத் தொடங்கினாலோ, கைகளில் புதிதாக உணர்வு குறைந்தாலோ ரிவ்யூ தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே போய் மறுபடி எம்ஆர்ஐ எடுக்கக் கேளுங்கள்.